சிறைப்புறமும் ஸ்டேட்டஸும்: காதலில் ஆர் ஆரோட கதைக்கலாம்?

"என்ன பிரச்சினை?"

"ஒண்டுமில்லை."

காதலிக்கிற ஆக்களுக்கு இடையில் இந்த ரெண்டு வரியும் எத்தனை தரம் வந்துபோயிருக்கும் என்று கணக்கெடுக்க ஏலாது. அவள் ஒண்டுமில்லை என்கிறாள். அவனும் உண்மையிலேயே ஒண்டுமில்லை என்று நினைத்து மட்ச் பார்க்கப் போய்விடுகிறான். பிறகு ரெண்டு நாள் கதை பேச்சு இல்லை. கன்ரீனில் அவனுடைய கூட்டாளிமார் தீர்ப்புச் சொல்லுவினம்: "பொம்பிளையள் எதையும் நேர சொல்ல மாட்டினம் மச்சான், நாங்கதான் கண்டுபிடிக்கோணும்." விடுதி அறையில் அவளுடைய சிநேகிதிகளிடமும் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும்: "ஆம்பிளையளுக்கு மனசில இருக்கிறதக் கதைக்கவே தெரியாதடி."

ரெண்டு தீர்ப்புக்கும் அடியில் இருக்கிறது ஒரே நம்பிக்கை. ஆணும் பெண்ணும் பிறவியிலேயே வேறு வேறு மாதிரிக் கதைக்கிறவர்கள் என்பதுதான் அது. 1992 இல் ஜோன் கிரே என்ற அமெரிக்கர், ஆண்கள் செவ்வாயில் இருந்தும் பெண்கள் வெள்ளியில் இருந்தும் வந்தவர்கள் என்று ஒரு புத்தகம் எழுதினார். அது உலகம் முழுக்க விற்றுத் தள்ளியது. 2007 இல் டெபோரா கமரன் என்ற மொழியியலாளர் அந்தச் செவ்வாய், வெள்ளிக் கதையே ஒரு கட்டுக்கதை என்று மறுப்பு நூல் எழுதினார். ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைவிட, ஆண்களுக்குள்ளேயும் பெண்களுக்குள்ளேயும் உள்ள வித்தியாசம்தான் பெரிது என்பது அவருடைய வாதங்களில் ஒன்று.

அந்தச் சண்டை அங்கே நடக்கட்டும். எங்களிடம் இதைவிட மிகப் பழைய ஆவணம் ஒன்று இருக்கிறது. காதலில் ஆர் ஆரோட என்ன கதைக்கலாம், என்ன கதைக்கக்கூடாது என்று விதியாகவே எழுதிவைத்த ஆவணம். அது தொல்காப்பியத்தின் பொருளதிகாரம். நச்சினார்க்கினியர் உரையோடு 1885 இல் அதை அச்சில் கொண்டுவந்தவர் எங்கட சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை. ரெண்டு வருடம் கழித்து, 1887 இல், கலித்தொகையையும் அவரே பதிப்பித்தார். அகப்பாடல்களை நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது உவமை, கருப்பொருள், உரிப்பொருள் என்று புள்ளி எடுப்பதற்காக. இந்தமுறை ஒரேயொரு கேள்வியோடு திரும்பப் படித்துப் பார்த்தோம்: இந்தப் பாட்டில் ஆர் ஆரோட கதைக்கினம்?

வாய் திறக்க அனுமதி உள்ளவர்கள்

செய்யுளியலில் தொல்காப்பியர் ஒரு பட்டியலே தருகிறார். களவுக் காலத்தில், அதாவது வீட்டுக்குத் தெரியாத காதலில், கூற்று நிகழ்த்த உரிமை உள்ளவர்கள் ஆறு பேர்: பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி. கலியாணத்துக்குப் பிறகு வரும் கற்புக் காலத்தில் பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் என்று இன்னும் ஆறு பேர் சேர்கிறார்கள். இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. தகப்பனுக்கும் தமையனுக்கும் கூற்றே இல்லை. அவர்கள் சொன்னதாக மற்றவர்கள் சொல்லலாம், அவ்வளவுதான். வீட்டில் அதிகாரம் முழுக்க வைத்திருக்கிறவர்களுக்கு அகப்பாட்டில் வசனமே கிடையாது.

தலைவி பட்டியலில் இருக்கிறாள். ஆகவே அவள் ஊமை இல்லை. உண்மையில் அகப்பாடல்களில் தலைவி நிறையவே கதைக்கிறாள். பிரச்சினை, அவள் யாரோடு கதைக்கலாம் என்பதில்தான் இருக்கிறது. தன்னுடைய விருப்பத்தைத் தலைவனுக்கு முன்னால் நின்று தானே சொல்வது அவளுக்கு மரபு இல்லை என்கிறது களவியல். அவளுடைய ஆசை வெளியே தெரியும், ஆனால் வாயால் அல்ல. புதுப்பானையில் ஊற்றின தண்ணீர் வெளிப்பக்கம் கசிகிற மாதிரித் தெரியவேண்டும் என்று உரைகாரர் விளக்குவார்கள். அதே களவியல்தான் ஆணுக்குப் பெருமையையும் உரனையும், பெண்ணுக்கு அச்சம், நாணம், மடம் மூன்றையும் உரியதாக்குகிறது. நாலாவதாக நாங்கள் மனப்பாடம் பண்ணின பயிர்ப்பு அந்த இடத்தில் இல்லை. அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

இதைப் படிக்கிறபோது பெண்ணின் இயல்பைச் சொல்கிற மாதிரித்தான் இருக்கும். ஆனால் இது ஒரு விதி. இயல்பாகவே நடக்காத ஒன்றைத் தடுக்க ஆரும் விதி செய்வதில்லை. மீன் மரம் ஏறக்கூடாது என்று எந்த ஊரிலும் சட்டம் இல்லை. பெண் தன் ஆசையைத் தானே சொல்லக்கூடாது என்று ஒரு நூல் எழுதவேண்டி வந்திருக்கிறது என்றால், சொல்லக்கூடிய பெண்களும் இருந்திருக்கிறார்கள் என்றுதான் எங்களுக்குப் படுகிறது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தொல்காப்பியம் புலவர்களுக்கான இலக்கணம், அக்காலத்து வீடுகளில் நடந்ததைப் பிடித்த வீடியோ அல்ல. தலைவனும் தலைவியும் பெயர் சுட்டப்படாத மாதிரி மனிதர்கள். ஆனாலும் ஒரு சமூகம் எதை அழகு என்று பாடியது, எதைப் பாடவே கூடாது என்றது என்பதும் வரலாறுதான்.

முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னவன்

செம்புலப் பெயனீரார் பாட்டை எடுப்போம். குறுந்தொகையின் 40 ஆவது பாட்டு. செம்மண்ணும் மழைத்தண்ணியும் கலந்த கதை. கலியாணக் கார்ட்டில் இருந்து காதலர் தின போஸ்டர் வரைக்கும் இதுதான். அதில் கதைக்கிறவன் தலைவன். நேராக அவளைப் பார்த்துத்தான் கதைக்கிறான். என் தாயும் உன் தாயும் ஆர், எங்கட தகப்பன்மாருக்கு என்ன உறவு, நாங்கள் எப்படி அறிமுகமானோம் என்று கேட்டு, ஆனாலும் எங்கட நெஞ்சு ரெண்டும் கலந்துவிட்டது என்று முடிக்கிறான்.

அவன் ஏன் இதைச் சொன்னான்? பாட்டோடு வரும் கூற்றுக் குறிப்பு காரணம் சொல்கிறது. கூடி முடிந்த பிறகு இவன் பிரிந்துபோய்விடுவானோ என்று அவள் பயந்தாளாம். அந்தப் பயத்தால் அவளுடைய முகக்குறிப்பு மாறியதாம். அதைக் கண்டுதான் அவன் பேசினானாம். இந்தக் குறிப்புகள் பாட்டு பிறந்து கனகாலத்துக்குப் பிறகு எழுதப்பட்டவை என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அப்படியென்றால் எங்களுக்கு இன்னும் நல்லது. இந்தப் பாட்டைப் பழைய வாசகர்கள் எப்படி விளங்கிக்கொண்டார்கள் என்பதற்கு அது சாட்சி. தமிழின் மிகப் பிரபலமான காதல் வசனம், ஒரு பெண் கேட்காத கேள்விக்கான பதில். "என்னை விட்டுட்டுப் போயிடுவியா?" என்று அவள் வாயால் கேட்கவில்லை. இங்கே அவன் நல்லவன், முகத்தைப் பார்த்துவிட்டான். பார்க்காதவனாக இருந்திருந்தால்?

அந்தக் கேள்விக்குக் குறுந்தொகையிலேயே பதில் இருக்கிறது. 25 ஆவது பாட்டில், கபிலரின் தலைவி தோழியிடம் சொல்கிறாள்: அவன் என்னோடு கூடின நாளில் சாட்சிக்கு ஒருவரும் இல்லை, அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன்? அந்த இடத்தில் நின்றது ஒரு குருகு மட்டும்தான், அதுவும் ஓடுகிற தண்ணீரில் ஆரல்மீனுக்காகப் பார்த்துக்கொண்டு நின்றது. இவ்வளவு கூர்மையான பயத்தை அவள் தோழியிடம் சொல்கிறாள். கேட்கவேண்டியவன் அங்கே இல்லை.

வேலிக்கு அங்கால நிற்பவன்

இனித்தான் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம். அகப்பாடல் குறிப்புகளில் அடிக்கடி வரும் ஒரு சொல் சிறைப்புறம். தலைவன் சிறைப்புறத்தானாக, தோழி தலைவிக்குச் சொல்லியது என்று இருக்கும். அதாவது அவன் வேலிக்கோ மதிலுக்கோ அங்கால ஒளித்து நிற்கிறான். அவன் நிற்பது உள்ளே இருக்கிற ரெண்டு பேருக்கும் தெரியும். அவன் காதில் விழவேண்டும் என்றே ரெண்டு பேரும் தங்களுக்குள் கதைக்கிற மாதிரிக் கதைப்பார்கள். அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஊர் அலர் தூற்றுகிறது. தினை முற்றிவிட்டது, இனிப் புனத்துக்குக் காவலுக்கு வர ஏலாது. இவ்வளவும் தோழி தலைவிக்குச் சொல்வதுபோலச் சொல்வது. உண்மையில் எல்லாம் அவனுக்கு ஒரே செய்தி: எப்ப கலியாணம்? இப்படி அவனைக் கலியாணத்துக்கு நெருக்குவதற்கு வரைவு கடாதல் என்று பெயர்.

இதை வாசிக்கும்போது எங்களுக்கு வட்சப் ஸ்டேட்டஸ்தான் ஞாபகம் வந்தது. கறுப்புப் பின்னணியில் ரெண்டு வரி, இல்லாவிட்டால் ஒரு பாட்டுத் துண்டு. பார்க்கிறது எண்பது பேர். போட்டது ஒருத்தன் பார்க்கவேண்டும் என்று. அவனும் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருந்துவிடலாம், ஏனென்றால் செய்தி அவனுக்கு அனுப்பப்படவில்லை. சிறைப்புறத்தில் நின்றவனுக்கும் இதே வசதி இருந்தது. கேட்கவேண்டியவள் ஒரு வசனத்துக்காக ஒரு நாடகமே போடவேண்டும். கேட்டவன் கேட்காத மாதிரி வீட்டுக்குப் போகலாம்.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஸ்டேட்டஸ் போடுகிற பெடியன்களும் எங்களுக்குத் தெரியும். அவள் பதில் போடாமல் விட்டுவிட்டாள், இனிக் கேட்கவும் ஏலாது என்ற நிலைமை வந்தால் அவனும் சிறைப்புற மொழிக்குத்தான் போகிறான். ஆகவே சுற்றிவளைத்துக் கதைப்பது பெண் குணம் அல்ல. நேராகக் கேட்க உரிமை இல்லாத எல்லாருடைய மொழியும் அதுதான்.

வீட்டுக்குச் சொல்வதும் இதே மாதிரித்தான். அறத்தொடு நிற்றல் என்ற துறையில் தலைவி தோழிக்குச் சொல்லுவாள், தோழி செவிலிக்கு, செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தகப்பனுக்கும் தமையன்மாருக்கும். கபிலரின் குறிஞ்சிப்பாட்டு முழுக்க இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி, தோழி செவிலிக்குச் சொல்வது மட்டும். 261 அடிகள். இவள் ஒருவனை விரும்புகிறாள் என்று சொல்ல இன்னொருத்தியின் வாயில் 261 அடி தேவைப்பட்டிருக்கிறது.

ஆணுக்குக் கிடைத்த பேச்சு, கிடைக்காத பேச்சு

ஆணின் பக்கம் எல்லாம் சுகம் என்று சொல்ல வரவில்லை. அவனுக்குக் கதைக்க அனுமதி இருந்தது, ஆனால் எந்த மாதிரிப் பேச்சுக்கு?

ஒன்று, மடல். பெண்ணை அடைய முடியாதவன் பனங்கருக்கால் குதிரை செய்து, எருக்கம்பூ சூடி, ஊர் நடுவே அதில் ஏறி வருவதாகச் சொல்லுவான். கருக்குமட்டையில் ஒருதரமாவது கை கிழித்துக்கொண்ட எங்கட ஆக்களுக்கு அது என்ன வேதனை என்று விளக்கத் தேவையில்லை. பாடல்களில் பெரும்பாலும் அவன் ஏறுவதில்லை, ஏறுவேன் என்று சொல்வான். அதாவது அது ஒரு வெருட்டல். பெண் மடலேறுவது மரபு இல்லை என்கிறது தொல்காப்பியம். கடலளவு ஆசை இருந்தும் மடலேறாமல் இருப்பதே பெண்ணுக்குப் பெருமை என்ற கருத்து குறளிலும் வருகிறது. ஆசையை ஊருக்கே சொல்வது ஆணுக்கு அனுமதி, காதலனுக்கே சொல்வதுகூடப் பெண்ணுக்குத் தடை. "நீ ஓம் சொல்லாட்டி நான் செத்துப்போவன்" என்று மெசேஜ் போடுகிறவன் இந்தக் குதிரையில்தான் இன்னமும் ஏறி நிற்கிறான். அதைக் காதலின் ஆழம் என்று நினைத்து மனம் இளகுகிறவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். தன்னை வருத்தி இன்னொருவரிடம் சம்மதம் பிடுங்குவது பேச்சு அல்ல.

மற்றது, நெஞ்சு. பாலைப் பாடல்களில் பொருள் தேடிப் போகிற தலைவன் அடிக்கடி கதைப்பது தன் நெஞ்சோடு. போகலாமா, இவளை விட்டுட்டுப் போக மனம் வருமா, போனால் இவள் என்ன ஆவாள் என்று அத்தனை தவிப்பும் இருக்கிறது. அதையெல்லாம் அவளிடம் சொல்வதில்லை, நெஞ்சிடம் சொல்கிறான். அவளுக்குப் பிரிவு தெரியவருவது அவனுடைய நடத்தையில் தெரியும் மாற்றத்தாலோ தோழி மூலமோதான். வெளிநாடு போகிற அலுவல் எல்லாம் சரிவந்த பிறகு, விமானம் ஏறுவதற்கு முதல் நாள் சொல்லிவிட்டுப் போன காதலர்களின் கதை எங்கட ஊரில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. சொன்னால் அழுவாள், அழுதால் போக ஏலாது என்ற அதே கணக்கு. ஆம்பிளைக்குக் கதைக்கத் தெரியாது என்பது பொய். பக்கம் பக்கமாகக் கதைத்திருக்கிறான். பயத்தை அவளுக்கு முன்னால் வைப்பது உரனுக்கு இழுக்கு என்று அவனுக்குப் பழக்கிவிட்டார்கள்.

ஒருத்தியை ஒருத்தி கேட்டவர்கள்

சங்கப் பாடல்களில் பெண்குரல் நிறைய இருந்தாலும் எழுதியவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். பெண்பாற் புலவர்கள் முப்பதுக்கு மேல் என்று பொதுவாகச் சொல்லுவார்கள், கணக்கு ஆளுக்காள் மாறும். அவர்களும் பெரும்பாலும் இதே விதிக்குள் நின்றுதான் பாடினார்கள். ஆனால் உள்ளே நின்றுகொண்டு அதை முட்டிப் பார்த்தார்கள்.

குறுந்தொகை 28 இல் ஔவையாரின் தலைவிக்கு, தன் நோய் தெரியாமல் நித்திரை கொள்கிற ஊரை முட்டுவதா, அடிப்பதா, ஏதாவது சாட்டு வைத்துக் கத்துவதா என்று இருக்கிறது. அச்சமும் நாணமும் எங்கே போயின? 31 ஆவது பாட்டில் ஆதிமந்தியார், வீரர் கூடும் விழாவிலும் பெண்கள் ஆடும் துணங்கையிலும் தன்னவனைத் தேடி எங்கும் காணவில்லை என்கிறார். நானும் ஆடுகிறவள், அவனும் ஆடுகிறவன் என்கிறார். இந்த ஆதிமந்தியைப் போலத் தானும் கலங்கித் திரியப்போகிறேனோ என்று அகநானூறு 45 இல் கேட்கிறவர் வெள்ளிவீதியார். அந்த வெள்ளிவீதியைப் போல நானும் கிளம்பிப் போகிறேன் என்கிற பாட்டு அகநானூறு 147. பாடியவர் ஔவையார். மூன்று பெண்களும் ஒருத்தியை ஒருத்தி உதாரணம் காட்டுகிறார்கள். பெயர் சுட்டக்கூடாத அகப்பாட்டில், தேடிப்போன பெண்களின் பெயர் உவமையாக உள்ளே வந்துவிடுகிறது.

பக்திக் காலத்தில் வேலி இன்னும் கொஞ்சம் சரிகிறது. ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் 143 பாடல்கள். மேகத்தையும் குயிலையும் தூது விட்டாலும், தன் உடலின் ஆசையைத் தன் வாயாலேயே சொல்கிறார். ஆனால் கேட்கிறவர் கடவுளாக இருந்தபடியால்தான் அது செல்லுபடியானது. திருமங்கையாழ்வார் பெண்குரலில் ரெண்டு மடல் பாடினார். பெண் மடலேறுவதில்லை என்ற தமிழ் மரபை நாங்கள் ஏற்கவில்லை என்று பெரிய திருமடலில் வெளிப்படையாகவே சொல்கிறார். விதியை மீறுகிற பெண், ஓர் ஆண் புலவரின் கற்பனையில்.

"ஓம்" இல்லாத இடத்தில் "இல்லை"

இவ்வளவும் பழங்கதை, இப்ப ஏன் கிண்டவேண்டும் என்று கேட்கலாம். கலித்தொகையின் 51 ஆவது பாட்டைக் காரணமாகச் சொல்லுவோம். கபிலர் பாடியது. சின்ன வயதில் மணல்வீட்டைக் காலால் சிதைத்து, பூமாலையைப் பறித்துத் தொல்லை கொடுத்தவன், வளர்ந்த பிறகு ஒருநாள் தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வருகிறான். தாய் தண்ணீர் கொடுத்து வரச் சொல்கிறாள். கொண்டுபோனவளின் கையை அவன் பிடித்துவிடுகிறான். அம்மா, இவன் செய்ததைப் பார் என்று இவள் கத்துகிறாள். தாய் பதறி ஓடிவந்ததும், அவனுக்குத் தண்ணீர் விக்கிவிட்டது என்று மாற்றிச் சொல்கிறாள். தாய் அவன் முதுகைத் தடவிவிட, அவன் கடைக்கண்ணால் இவளைப் பார்த்துச் சிரிக்கிறான்.

அழகான பாட்டு. இதை வாசித்துச் சிரிக்காதவர்கள் குறைவு. எங்களுக்கும் பிடிக்கும். ஆனால் இந்தப் பாட்டில் ஒரு கத்தல் இருக்கிறது. அந்தக் கத்தலுக்கு உண்மையில் என்ன அர்த்தம் என்று பிறகு அவளே தோழியிடம் சொல்வதால்தான் எங்களுக்குச் சிரிப்பு வருகிறது. அவள் சொல்லாமலே, கத்தினாலும் உள்ளுக்குள் விருப்பம்தான் என்று முடிவெடுக்கிறவன் பஸ்ஸிலும் ரியூசன் ஒழுங்கையிலும் நின்றால் கதை வேறு.

ஒரு பெண் "ஓம், எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு" என்று தானே சொல்வது மரியாதை இல்லை என்று வைத்தால், விரும்புகிறவளும் முதலில் "இல்லை" என்றுதான் சொல்லவேண்டி வரும். விரும்பாதவளும் "இல்லை" என்றுதான் சொல்லுவாள். ரெண்டு "இல்லை"யும் ஒரே மாதிரிக் கேட்கும். பிறகு எந்த "இல்லை"க்கும் பெறுமதி இராது. "பின்னால திரிஞ்சா ஓம் சொல்லுவாள் மச்சான்" என்ற ஆலோசனை இங்கே இருந்துதான் பிறக்கிறது. ஆகவே பெண்கள் நேராகக் கதைக்க இடம் கேட்பது வெறும் ஃபாஷன் அல்ல. "ஓம்" சொல்ல உரிமை இருக்கிற இடத்தில்தான் "இல்லை"யை ஆட்கள் நம்புவார்கள்.

இதில் பெண்பிள்ளைகள் மட்டும் மாறவேண்டும் என்று சொன்னால் அது இன்னொரு விதியாகிவிடும். ஒருத்தி தானாக வந்து விருப்பத்தைச் சொன்னால் அடுத்த நாள் கன்ரீனில் அவளுடைய பெயர் என்ன பாடுபடும் என்று எங்களுக்குத் தெரியும். அலர் தூற்றுகிற ஊர் இப்போது குரூப் சட்டில் இருக்கிறது. அந்தப் பேச்சில் நாங்களும் இருந்திருக்கிறோம், சிரித்திருக்கிறோம். அவள் எங்களுக்கு முன்னால் "ஒண்டுமில்லை" என்று சொன்னதில் எங்கட சிரிப்புக்கும் பங்கு இருக்கிறது.

அடுத்தமுறை அந்த "ஒண்டுமில்லை"யைக் கேட்டால், பொம்பிளையள் இப்பிடித்தான் என்று எழும்பிப் போகாமல் கொஞ்சம் இருந்து பார்க்கலாம். உண்மையைச் சொன்னால் இவளுக்கு என்ன நட்டம் வரும் என்று யோசிக்கலாம். நெஞ்சோடு கதைத்துக்கொண்டு பயணத்துக்கு வெளிக்கிடுகிறவனிடமும், போகமுதல் அவளிடம் ஒருக்கால் கதை என்று சொல்லலாம். தோழியும் பாங்கனும் செய்ய இன்னும் வேலை இருக்கிறது: தூது போவதை விட்டுவிட்டு, ரெண்டு பேரையும் நேரே கதைக்க விடுவது.